ஒரு பேர், எட்டு பேர்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஆபீஸில் ஒருவர் சொஸைட்டியில் லோன் போட்டார். ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்று பாரத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஆசாமியின் பேர் இங்கே வேண்டாம். அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன்: 'உண்மையே பேசுபவன்'. இப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறவரை எப்படி சார் சந்தேகப்படுவது? போட்டேன். நாலாம் மாசம் வேலையை விட்டுவிட்டுப் போனவர்தான். அடுத்த இருபத்தாறு மாசம் என் சம்பளச் சீட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'பிடித்தம்' என்று போட்டிருந்தார்கள். என் மனைவி அந்த வரிக்கு வேறு பேர் வைத்திருந்தாள். அதை இங்கே அச்சிட முடியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. உசத்தியான அர்த்தத்தில் யாருக்காவது பேர் இருந்தால், ஆசாமி அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொண்டாரா என்று துருவிப் பார்ப்பேன்.

போன மாசம் பக்கத்து ஸீட் நண்பருக்குப் பையன் பிறந்தான். "நம்பகமானவன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் சொல்லுங்க சார். நீங்கதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கீங்களே" என்றார். 'நம்பி' என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நம்பி என்றால் ஆண்களில் சிறந்தவன் என்றுதான் அர்த்தம். நம்பலாமா, கூடாதா என்பது பற்றி அந்தப் பேர் வாயே திறக்கவில்லை! சரி, வெளிநாட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிக்கொண்டே போய், கடைசியில் நார்வேயில் போய் நின்றேன்.

அங்கே 'ட்ரிக்வே' என்று ஓர் ஆண் பேர் இருக்கிறது. உதட்டை 'உ' சொல்வது போலக் குவித்துக்கொண்டு 'இ' சொல்ல வேண்டும். பிறகு ஒரு 'க்', ஒரு 'வே'. கண்ணாடி முன்னால் நின்று முயற்சி பண்ணாதீர்கள், வீட்டில் பயந்துவிடுவார்கள். வைக்கிங்குகள் காலத்துப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த பேர். அர்த்தம்: நம்பத் தகுந்தவன், விசுவாசமானவன். ஆங்கிலத்தில் உண்மைக்கு 'ட்ரூ' என்கிறார்களே, அந்த வார்த்தையும் இதுவும் ஒரே வேரிலிருந்து முளைத்த பங்காளிகள்.

வியாதி விடுமா? இந்தப் பேரைச் சுமந்த பிரபலங்களைப் பிடித்து விசாரிக்க ஆரம்பித்தேன். எட்டு பேர் கிடைத்தார்கள். அவர்களில் நம்பகமானவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

முதல் ஆள் ராஜா. பத்தாம் நூற்றாண்டு. பேர் ட்ரிக்வே ஓலாஃப்ஸன். நார்வேயின் தென்கிழக்கில் ஒரு பகுதியை ஆண்ட குறுநில மன்னர். 'ரத்தக் கோடாரி' எரிக் என்று ஒரு பெரிய ராஜா இருந்தார். (பேரைப் பாருங்கள், இதுவாவது ஒளிவுமறைவில்லாத பேர்!) அவருடைய பிள்ளைகளுக்கு இந்த ட்ரிக்வேயைக் கண்டால் ஆகாது. அவர்களில் குட்ரோட் என்பவன், "வா, இந்தக் கோடையில் ரெண்டு பேரும் சேர்ந்து கடல் கொள்ளைக்குப் போகலாம்" என்று ஆள் அனுப்பினான். அந்தக் காலத்தில் அது சேர்ந்து சினிமாவுக்குப் போகிற மாதிரி. நம்பிப் போனார். போன இடத்தில் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நார்வே ராஜாக்களின் சரித்திரத்தை எழுதிய ஐஸ்லாந்துக்காரர் ஸ்நோரி ஸ்டுர்லுஸன் இப்படித்தான் சொல்கிறார். ஆக, 'நம்பகமானவன்' செத்ததே இன்னொருத்தனை நம்பி!

ராணி தப்பி ஓடி ஒரு பிள்ளை பெற்றாள். அவன் வளர்ந்து 995-ல் நார்வேக்கே ராஜாவானான். ஓலாஃப் ட்ரிக்வஸன். அதாவது 'நம்பகமானவன் மகன்' ஓலாஃப். ஐந்தே வருஷம் ஆண்டு, 1000-ல் ஒரு கடற்சண்டையில் போய்ச் சேர்ந்தான்.

இங்கேதான் ரெண்டாவது ட்ரிக்வே வருகிறான். 1033-ல் கப்பல், படை சகிதம் திடுதிப்பென்று ஒருவன் நார்வேயில் வந்து இறங்கினான். "நான் ஓலாஃப் ராஜாவின் பிள்ளை. தாத்தா பேரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள்" என்றான். எதிர்க்கட்சிக்காரர்கள், "கதை விடாதே, நீ ஒரு பாதிரியின் பிள்ளை" என்றார்கள். நாற்காலியில் அப்போது இருந்தவன் சண்டைக்கு வந்தான். ட்ரிக்வே காலி. சரித்திரத்தில் 'ராஜ்யத்துக்கு உரிமை கொண்டாடிய ட்ரிக்வே' என்று கொஞ்சம் கிண்டலாகவே நிற்கிறான். நிஜமான பேரனா, புளுகனா? தீர்ப்பு இன்னும் வரவில்லை. 'நம்பகமானவன்' என்று பேர் வைத்துக்கொண்டு வந்தவனை நம்புவதா வேண்டாமா என்பதே கேள்வி என்றால், என் சம்பளச் சீட்டுக்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே இந்தப் பிரச்னை இருந்திருக்கிறது!

மூன்றாமவரிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். ட்ரிக்வே க்ரான். 1888-ல் பிறந்தவர். நார்வே கால்பந்து அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1908-ல் ஸ்வீடனோடு ஆடியபோது அதில் ஆடியவர். (11-3. நார்வேக்கு மூன்று.) இங்கிலாந்தின் கேப்டன் ஸ்காட் 1910-ல் தென் துருவத்துக்குக் கிளம்பும்போது, தன் ஆட்களுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்க ஒருவரைத் தேடினார். துருவப் பயணங்களில் கொட்டை போட்ட நான்ஸென் சிபாரிசு செய்து, க்ரான் போனார். வயசு இருபத்திரண்டு. பாதி வழியில்தான் சேதி வந்தது: நார்வேக்காரர் அமுண்ட்ஸெனும் அதே தென் துருவத்துக்குக் கிளம்பிவிட்டார்!

யோசித்துப் பாருங்கள். உங்கள் கம்பெனியில் நீங்கள் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. போட்டிக் கம்பெனியின் முதலாளி உங்கள் ஊர்க்காரர். அங்கே இருப்பவர்களெல்லாம் உங்கள் பாஷை. இங்கே இருப்பவர்கள் உங்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். க்ரான் ஸ்காட்டோடேயே இருந்தார்.

அமுண்ட்ஸென் 1911 டிசம்பர் 14-ல் துருவத்தைத் தொட்டார். ஸ்காட்டும் நாலு பேரும் 1912 ஜனவரி 17-ல் போய்ச் சேர்ந்து, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த நார்வே கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். யாருமே உயிரோடு வந்து சேரவில்லை. தேடப் போன கோஷ்டியில் க்ரான் இருந்தார். 1912 நவம்பர் 12-ல் பனியில் பாதி புதைந்த கூடாரத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே மூன்று உடல்கள், நடுவில் ஸ்காட். கூடாரத்தை அப்படியே சாய்த்து, மேலே பனியைக் குவித்து சமாதி கட்டினார்கள். உச்சியில் வைக்கச் சிலுவை வேண்டுமே? க்ரான் தன்னுடைய ரெண்டு பனிச்சறுக்குக் கட்டைகளையும் கழற்றிக் கொடுத்தார். அவர் எப்படித் திரும்புவது? செத்துப்போன ஸ்காட்டின் கட்டைகளை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார். மனுஷன்தான் பயணத்தை முடிக்க முடியவில்லை, அவருடைய கட்டைகளாவது முடிக்கட்டும் என்று.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு காபி சாப்பிட்டேன். பேருக்கு ஏற்ற மனுஷன் கிடைத்துவிட்டான், பக்கத்து ஸீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

காபி குடித்துவிட்டு மேலே படித்திருக்கக் கூடாது.

1914 ஜூலை 30-ல் க்ரான், துணி போர்த்திய ஒரு ப்ளேரியோ விமானத்தில் ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பி, நாலு மணி நேரத்துக்கும் சற்று மேலே பறந்து நார்வேயில் இறங்கினார். வட கடலை விமானத்தில் தாண்டிய முதல் ஆள். ஆனால் அதே வாரம் உலகப் போர் வெடித்ததில் சாதனை அமுங்கிப்போனது. நார்வே அந்தப் போரில் நடுநிலை. க்ரானுக்குச் சண்டை போட ஆசை. 'டெடி க்ரான்ட், ஊர் கனடா' என்று சொல்லி பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்துவிட்டார். நம்பகமானவன், பொய்ப் பேரில்! இதுவரைகூட ரசிக்கலாம்.

ரெண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. அப்போது ஹிட்லருக்குக் கைகட்டி நின்ற உள்ளூர்க் கட்சிக்குத் தலைவர் க்விஸ்லிங். இவருடைய பேர் ஆங்கில அகராதியில் பொதுப் பெயராகவே ஏறிவிட்டது. அர்த்தம்: துரோகி. அந்தக் கட்சியில் க்ரான் உறுப்பினர். 1944-ல் அவருடைய பழைய விமானப் பயணத்துக்கு முப்பதாவது ஆண்டு விழாத் தபால்தலை வேறு போட்டார்கள். போர் முடிந்தது. 1948-ல் தேசத்துரோகக் குற்றத்துக்குப் பதினெட்டு மாசச் சிறை. 'நம்பகமானவன்' என்று பேர் வைத்த ஆள், 'துரோகி' என்று அர்த்தமாகிவிட்ட பேருக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். இந்த ஒரு மனுஷனில் எந்த வருஷத்து ஆளை நம்புவது? 1912-ல் கட்டைகளைக் கழற்றிக் கொடுத்தவரும் அவரேதான்.

நாலாமவர் உலகப் பிரசித்தம். ட்ரிக்வே லீ. ஐக்கிய நாடுகள் சபையின் முதல் பொதுச் செயலாளர். அவர்கள் பாஷையில் 'லீ' என்றால் மலைச்சரிவு. ஆனால் ஆங்கிலத்தில் அதை எழுதும்போது 'பொய்' என்கிற வார்த்தையின் எழுத்துகள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. 'நம்பகமான பொய்'! கையெழுத்துப் போடும்போதெல்லாம் மனுஷர் என்ன நினைத்திருப்பாரோ!

இவர் 1935-லிருந்து நார்வேயில் நீதித் துறை மந்திரி. ஸ்டாலின் நாடு கடத்திய ட்ராட்ஸ்கிக்கு அந்த வருஷம் நார்வே அடைக்கலம் கொடுத்திருந்தது. 1936 ஆகஸ்டில் மாஸ்கோ விசாரணைகள் தொடங்கின. 'அந்த ஆளை வெளியே அனுப்பு' என்று சோவியத் நெருக்கியது. லீ ட்ராட்ஸ்கியிடம் புது நிபந்தனைகளை நீட்டி, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். (கையெழுத்து என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.) ட்ராட்ஸ்கி மறுத்தார். வீட்டுக் காவலில் வைத்து, டிசம்பரில் 'ரூத்' என்ற எண்ணெய்க் கப்பலில் ஏற்றி மெக்ஸிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் நீங்களும் உங்கள் நாட்டை விட்டு இப்படித்தான் துரத்தப்படுவீர்கள் என்கிற மாதிரி லீயிடம் ட்ராட்ஸ்கி சொன்னதாக, அவருடைய வாழ்க்கையை எழுதிய ஐஸக் டாய்ஷர் குறிப்பிடுகிறார்.

நாலே வருஷம். 1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மானியர் வந்து இறங்கினார்கள். ராஜாவும் மந்திரிகளும் ஜூன் மாசம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள். அகதிக்குக் கதவைச் சாத்தியவர் அகதியானார். ஆனால் இதே லீதான், உலகமெங்கும் சிதறிக் கிடந்த நார்வேயின் வணிகக் கப்பல்கள் ஜெர்மானியர் கையில் சிக்காமல் நேச நாடுகளுக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்தவர் என்றும் சரித்திரம் சொல்கிறது. சுமார் ஆயிரம் கப்பல்கள்! போரின் போக்கையே பாதித்த சமாசாரம்.

1946-ல் ஐ.நா.வின் நாற்காலி. கொரியா போரில் வட கொரியாதான் ஆக்கிரமிப்பாளன் என்று நின்றார். சோவியத் அவருடைய பதவி நீட்டிப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. 'நீ அமெரிக்காவின் ஆள்' என்றது. அமெரிக்காவில் அப்போது மக்கார்த்தி காலம். 'உன் ஆபீஸ் முழுக்கக் கம்யூனிஸ்டுகள்' என்றார்கள் அவர்கள். விசாரணையில் பதில் சொல்ல மறுத்த அமெரிக்க ஊழியர்களை லீ வீட்டுக்கு அனுப்பினார். சொந்த ஊழியர்களுக்கும் அவர் மேல் நம்பிக்கை போயிற்று. 1952 நவம்பரில் ராஜினாமா. அடுத்த வருஷம் புதுச் செயலாளர் ஹாமர்ஷோல்டை விமான நிலையத்தில் வரவேற்றபோது, இந்தப் பூமியிலேயே செய்ய முடியாத வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று சொன்னாராம். ரெண்டு தரப்புக்கும் நம்பகமாக இருக்க வேண்டிய ஸீட். கடைசியில் ரெண்டு தரப்பும் நம்பவில்லை. ஆபீஸில் யூனியனுக்கும் மேனேஜ்மென்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.

ஐந்தாமவர் ட்ரிக்வே குல்ப்ரான்ஸன். புகையிலை மொத்த வியாபாரி. வேலை நேரம் போக எழுதி, 1933-லிருந்து 1935-க்குள் மூன்று நாவல்கள் போட்டார். வடக்குக் காட்டில் ஒரு குடும்பத்தின் கதை. பல பாஷைகளில் லட்சக்கணக்கில் விற்றது. கதை முடிந்தது என்று தோன்றியதும் நிறுத்திவிட்டார். பிறகு நாலாவது நாவல் வரவே இல்லை. வாசகர்களின் நம்பிக்கைக்கு இதைவிடப் பாத்திரமான எழுத்தாளரை நான் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு வாரமும் எழுதுகிற என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது.

ஆறாமவர் ட்ரிக்வே ஹாவெல்மோ. பொருளாதாரப் பேராசிரியர். போர்க்காலத்தில் அமெரிக்காவில் நார்வேயின் கப்பல் அலுவலகத்தில் புள்ளிவிவர வேலை பார்த்தார். ஒரு ட்ரிக்வே காப்பாற்றிய கப்பல்களுக்கு இன்னொரு ட்ரிக்வே கணக்கு! 1944-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரத்தைப் பாமரத்தனமாகச் சொன்னால் இதுதான்: பொருளாதாரப் புள்ளிவிவரத்தை வைத்து 'இது நடந்தால் அது நடக்கும்' என்று அடித்துச் சொல்லாதே. எந்த விதியும் கச்சிதமாகப் பொருந்தாது. எவ்வளவு தூரம் நம்பலாம், தப்பாகப் போக எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்தே கணக்குப் போடு. 'நம்பகமானவன்' என்று பேர் வைத்த ஒருவர், எதை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார்! இதற்கு 1989-ல் நோபல் பரிசு வந்தது. பத்திரிகைக்காரர்கள் ஓடினார்கள். எனக்கு இந்தப் பரிசு சமாசாரமெல்லாம் பிடிக்காது என்கிற தோரணையில் அவர்களைத் தவிர்த்தார்.

ஏழாமவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன். ட்ரிக்வே ப்ராட்டெலி. 1910-ல் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். பையன் எடுபிடி வேலை, கட்டட வேலை, கொஞ்ச நாள் வேலையே இல்லை, பிறகு தொழிற்கட்சி. 1942-ல் ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். 'இரவும் மூடுபனியும்' என்று ஹிட்லர் ஆட்சியின் ஒரு கட்டளை உண்டு. அதில் பிடிபட்டவன் எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதே வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஆளை இரவில் கரைத்துவிடுவது. பேர் கிடையாது, நம்பர்தான். சட்டையில் 'என்.என்.' என்று ரெண்டு எழுத்து. நாட்ஸ்வைலர், ஸாக்ஸென்ஹௌஸன் என்று முகாம் முகாமாக மூன்று வருஷம். 1945 ஏப்ரலில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பஸ்கள் வந்து மீட்டபோது, பேரும் உயிரும் சேர்ந்து திரும்பின.

1971-ல் நார்வேயின் பிரதமரானார். ஐரோப்பியச் சமூகத்தில் நார்வே சேர வேண்டும் என்பது அவர் கட்சி. 1972 செப்டம்பர் 25-ல் ஜனங்களிடம் வாக்கெடுப்பு. "வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் ராஜினாமா செய்வேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எண்ணிப் பார்த்தால் 53.5 சதவிகிதம் 'வேண்டாம்'. அந்த வாக்கெடுப்பு சட்டப்படி வெறும் ஆலோசனைதான். நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்க வழியும் இருந்தது. 'நான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள்' என்று ஓர் அறிக்கையும் விட்டிருக்கலாம். மனுஷன் அடுத்த மாசம் இறங்கிப் போய்விட்டார். ஒரு வருஷம் கழித்து, 1973-ல், திரும்பவும் பிரதமர்! சொன்னபடி இறங்கிப் போகிறவன் திரும்பவும் ஏறி வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை யாருக்குச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

எட்டாமவர் நம் காலத்தவர். ட்ரிக்வே ஸ்லாக்ஸ்வொல்ட் வேடும். 2021-லிருந்து 2025 வரை நார்வேயின் நிதி மந்திரி. கஜானா சாவியை 'நம்பகமானவன்' என்று பேர் உள்ளவரிடம் கொடுத்திருக்கிறார்கள், விவரமானவர்கள்! ஐரோப்பாவின் எரிசக்தி விதிகளை ஏற்க முடியாது என்று இவர் கட்சி கூட்டணியை விட்டு வெளியேற, பதவி போயிற்று. 1972-ல் ஐரோப்பா வேண்டும் என்று ஒரு ட்ரிக்வே இறங்கினார். 2025-ல் ஐரோப்பாவின் விதி வேண்டாம் என்று இன்னொரு ட்ரிக்வே இறங்கினார். பேர் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடுகிறது.

இதையெல்லாம் பக்கத்து ஸீட் நண்பரிடம் ஒரு மத்தியானம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பிரமாதம் சார். ஆனா எங்கப்பா பேரையே வெச்சுட்டோம். அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, மேஜை டிராயரிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். சொஸைட்டி லோன். ஆஸ்பத்திரிச் செலவு. ஜாமீன் கையெழுத்து.

மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு இருபத்தாறு மாசமும் கண் முன்னால் வந்தது. வீட்டில் அந்த வரிக்கு வைத்த பேரும் ஞாபகம் வந்தது.

பாரத்தின் மேலே இருந்த அவர் பேரை நான் பார்க்கவில்லை. அதன் அர்த்தத்தையும் யோசிக்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாசக் கடைசியில் வாங்கின இருநூறை ஒண்ணாம் தேதி காலையில் நான் கேட்பதற்கு முன்னால் மேஜையில் வைத்தது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவை ரெண்டாம் தேதி ஆகிவிட்டது. அதற்கு நாலு நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாவெல்மோ சொன்ன மாதிரி, தப்பாகப் போகிற வாய்ப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

போட்டேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த இதழ் வந்தால் தெரிந்துவிடும். அந்த வீட்டில் என் பேர் என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன், அச்சிடக்கூடியதாக இருந்தால்.